கூரையில் தேனீ என்றால், முதலில் வாலைப் பாருங்கள்



இங்கிலாந்தில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

மே கடைசி, ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி வீடியோ வர ஆரம்பிக்கும். வீட்டுக் கூரையின் ஓரப் பலகைக்குக் கீழே, அல்லது தோட்டத்தில் மாட்டிய பறவைப் பெட்டிக்கு முன்னால், பத்து இருபது தேனீக்கள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே பறக்கும். கூடவே கேள்வி: "டீச்சர், இது என்ன வண்டு? பெஸ்ட் கண்ட்ரோலைக் கூப்பிடலாமா?" சொந்தக்காரப் பிள்ளைகள் என்றால், "அத்தை, வீட்டில் குழந்தை இருக்கு, பயமா இருக்கு."

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அநேகமாக அந்தப் போன் தேவையில்லை. அதைவிட, அந்தப் போனைச் செய்வதற்கு அதைக்காட்டிலும் தவறான நேரம் அந்தக் கூட்டின் வாழ்நாளில் வேறு இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் அது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

யார் அது?

அந்த வீடியோக்களில் பெரும்பாலும் இருப்பது பம்பிள்பீ. நம் தேனீயைவிடக் குண்டாக, உடம்பு முழுக்க ரோமமாக இருக்கும் குளிர்நாட்டுத் தேனீ. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இது கிடையாது. இந்தியாவில் இமயமலைப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். அதனால் நமக்கு நாக்கில் பழகிய பெயரும் இல்லை. நாம் ஊரில் "வண்டு" என்று சொல்லும், மரத்தைத் துளைக்கும் அந்தக் கருப்புப் பளபளப்புக்காரர் வேறு வகை. பார்த்தால் ஒன்றுபோல் குண்டாக இருப்பதால் குழப்பம் வருகிறது.

உலகத்தில் பம்பிள்பீ 250 இனங்களுக்கு மேல் உண்டு. பிரிட்டனில் மட்டும் 24 இனங்கள். இதில் கூரையிலும் பறவைப் பெட்டியிலும் குடியேறுபவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆங்கிலத்தில் ட்ரீ பம்பிள்பீ. அறிவியல் பெயர் பாம்பஸ் ஹிப்னோரம். 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டுப் போன இனம் இது.

அடையாளம் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிறம், மேலிருந்து கீழாக.

மார்பு: இஞ்சி நிறம் அல்லது செம்பழுப்பு.
வயிறு: கருப்பு.
வால் நுனி: வெள்ளை.

இந்த மூன்றும் இதே வரிசையில் சேர்ந்து இருக்கும் பம்பிள்பீ பிரிட்டனில் வேறு கிடையாது. மார்பு பழுப்பாக இருந்து வால் வெள்ளையாக இல்லாவிட்டால், அது காமன் கார்டர் என்ற வேறு இனமாக இருக்கலாம். உடம்பில் மஞ்சள் பட்டை இரண்டு தெரிந்தால் பஃப் டெய்ல்டு, வைட் டெய்ல்டு என்று வேறு ஆட்கள். அவர்கள் பெரும்பாலும் தரைக்கு அடியில், பழைய எலி வளையில் கூடு வைப்பவர்கள். ட்ரீ பம்பிள்பீயிலும் சிலது மார்புகூடக் கருத்துப்போய் இருக்கும். வயதான தேனீக்கு முதுகில் ரோமம் உதிர்ந்து வழுக்கை விழும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்தாறைப் பாருங்கள். அதனால்தான் வாலைப் பார் என்கிறேன். மார்பின் நிறம் மங்கினாலும் வால் வெள்ளை கண்ணில் படும்.

ரோமமே இல்லாமல், உடம்பு மழமழவென்று பளிச் மஞ்சளும் கருப்புமாக, இடுப்பு ஒட்டி இருந்தால் அது குளவி. அதன் கூடு சாம்பல் நிறக் காகிதம் போல இருக்கும். குளவிக்கு நான் இன்று வக்காலத்து வாங்கவில்லை. அது தனிக் கதை.

எப்போது வந்தது?

ஐரோப்பாக் கண்டத்தில் இது பழைய குடி. பிரிட்டனில் மட்டும் புதுக்குடி. 2001-ல் இங்கிலாந்தின் தெற்கே, வில்ட்ஷயர் மாவட்டத்தில் லேண்ட்ஃபோர்டு என்ற ஊரில்தான் முதன்முதலாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 2013-க்குள் ஸ்காட்லாந்து வரை போய்விட்டது. வேற்று நாட்டிலிருந்து ஒரு பூச்சி வந்தால் அது ஊரைக் கெடுக்கும் என்றே பொதுவாக நினைப்போம். அப்படிக் கெடுப்பவையும் உண்டு. ஆசிய ஹார்னெட் என்ற பெரிய குளவி 2004-ல் பிரான்ஸிலும், 2016-ல் பிரிட்டனிலும் தென்பட்டது. அது தேனீக்களைப் பிடித்துத் தின்னும். அதைப் பார்த்தால் உடனே அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ட்ரீ பம்பிள்பீ அந்த ரகம் இல்லை. வந்த இடத்தில் மரப்பொந்து கிடைக்காவிட்டால் பறவைப் பெட்டி, அதுவும் இல்லாவிட்டால் கூரை இடுக்கு என்று கிடைத்த இடத்தில் ஒதுங்கி, கிடைத்த பூவில் வேலை பார்க்கிறது. உங்களில் பலர் அந்த நாட்டுக்குப் போய் இறங்கியதும் ஏறத்தாழ அதே காலம்தான். முதல் வருஷம் நீங்கள் தங்கின அறைகளை நினைத்துப் பார்த்தால், அதன் மேல் உங்களுக்குக் கொஞ்சம் கரிசனம் வர வேண்டும்!

அந்தக் கூட்டம் என்ன செய்கிறது?

இதுதான் முக்கியமான பாடம்.

பம்பிள்பீ கூடு என்பது ஒரு வருஷக் குடும்பம்கூட இல்லை, சில மாதக் குடும்பம். குளிர்காலம் முழுவதும் ராணி மட்டும் தனியாக எங்காவது பதுங்கி உறங்கிக் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் எழுந்து, பூவில் பசியாறி, இடம் தேடும். பழைய பறவைக் கூட்டின் பஞ்சும் இறகும் இருக்கும் பெட்டி கிடைத்தால் அதற்கு மாளிகை. மெழுகில் சின்னச் சட்டி ஒன்று செய்து அதில் பூந்தேன் நிரப்பி வைக்கும். முட்டையிட்டு, கோழி போல அதன் மேல் வயிற்றை வைத்துச் சூடு கொடுக்கும். பறக்கும் தசையை இறக்கை அசைக்காமல் நடுங்கவிட்டு அந்தச் சூட்டை உண்டாக்கும். வெளியே பனி விழும் நாளிலும் அது தனியாளாக இதைச் செய்கிறது.

முதலில் பிறப்பவை வேலைக்காரப் பெண் தேனீக்கள். அவை வந்த பிறகு ராணி பெரும்பாலும் வெளியே போவதில்லை. கூடு பெருகும். பெருகினாலும் தேனீப் பெட்டி மாதிரி ஆயிரக்கணக்கில் போகாது, சில நூறோடு நின்றுவிடும். கடைசியாக, மே, ஜூன் வாக்கில்தான் அந்தக் கூடு எதற்காகப் பாடுபட்டதோ அவை வெளிவரும்: புது ராணிகளும் ஆண் தேனீக்களும்.

உங்கள் வீடியோவில் மேலும் கீழுமாக ஆடுவது அந்த ஆண் தேனீக்கள்தான். உள்ளேயிருந்து வெளிவரும் புது ராணிக்காக வாசலில் காத்திருக்கின்றன. பல ஆண்கள் பக்கத்துக் கூடுகளிலிருந்து வந்தவை. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் மாப்பிள்ளை வீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் அதிகம், ஆபத்து இல்லை. ஏனென்றால் ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. கொட்ட நினைத்தாலும் முடியாது.

சொன்னதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்கள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் சுமந்து, நேராக வந்து, சட்டென்று ஓட்டைக்குள் நுழைபவை வேலைக்காரப் பெண்கள். உள்ளே போகாமல், காலில் ஒன்றும் இல்லாமல், முன்னும் பின்னும் ஆடுபவை ஆண்கள். எண்ணிப் பாருங்கள். உங்களைப் பயமுறுத்திய கூட்டத்தில் பெரும்பங்கு யார் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு எந்தப் பள்ளியிலும் இல்லை.

இப்போது நான் சொன்னதன் பொருள் புரிகிறதா? ஏப்ரலில் அந்தக் கூடு உங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. உங்களுக்குத் தெரியவே இல்லை. நீங்கள் பயப்படுவது ஆண்கள் ஆட ஆரம்பிக்கும்போது. அதாவது, புது ராணிகள் வெளிவரும் அதே சில வாரங்களில். அன்றைக்கு மருந்து அடித்தால் அடுத்த வருஷத்துக்கான ராணிகளைத்தான் கொல்கிறோம். விட்டுவிட்டாலோ ஆட்டம் சில வாரத்தில் அடங்கும். ஜூலை கடைசி, மிஞ்சினால் ஆகஸ்டில் கூடு தானாக முடிந்துவிடும். பழைய ராணி, வேலைக்காரர்கள், ஆண்கள் எல்லாம் இறந்துபோகும். புது ராணிகள் மட்டும் எங்கோ போய் உறங்கும். நீங்கள் காசு கொடுத்து முடிக்க நினைத்த வேலையை இயற்கை இலவசமாக முடித்துத் தருகிறது.

நம் பயம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. நாம் வளர்ந்த ஊரில் அந்தப் பயம் நியாயமானது. கதண்டு கொட்டி ஆள் இறந்த செய்தியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். மலைத்தேனீ கலைந்தால் கல்யாணக் கூட்டமே ஓடும். பனைமரத்துக் கதண்டுக் கூட்டை அழிக்கத் தீயணைப்பு வண்டி வரும் ஊர் நம் ஊர். அங்கே "கூடு" என்றால் விலகு என்பது பாட்டி சொல்லிக்கொடுத்த புத்தி, சரியான புத்தி. ஆனால் அந்தப் புத்தி கதண்டுக்குச் சொன்னது. அதை அப்படியே கொண்டுபோய் வேறு நாட்டில், வேறு பூச்சியின் மேல் காட்டுகிறோம். பயம் தப்பில்லை, விலாசம்தான் தப்பு.

"டீச்சர், பம்பிள்பீ கொட்டவே கொட்டாதா?" கொட்டும். ராணியும் வேலைக்காரத் தேனீயும் பெண்கள், அவர்களுக்குக் கொடுக்கு உண்டு. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் நம் தோலில் சிக்கிக்கொள்ளும். பம்பிள்பீ கொடுக்கு அப்படிச் சிக்காது, மறுபடியும் கொட்ட முடியும். பூவில் இருக்கும்போது அது நம்மைக் கண்டுகொள்ளாது. கூட்டைத் தொட்டால் கோபம் வரும். அதிலும் ட்ரீ பம்பிள்பீ மற்ற பம்பிள்பீக்களைவிடக் கொஞ்சம் முன்கோபி. அதிர்வு பிடிக்காது. பறவைப் பெட்டியைத் தட்டுவது, கூடு இருக்கும் சுவரில் ட்ரில் போடுவது, அதற்குக் கீழேயே புல்வெட்டி ஓட்டுவது, ஓட்டையில் முகத்தை வைத்து மூச்சு விடுவது, இவைதான் கொட்டு வாங்கும் வழிகள். நாலும் நாம் செய்வது, நாம் நிறுத்தக்கூடியது.

என்ன செய்ய வேண்டும்?

1. இனத்தை உறுதி செய்யுங்கள். முதுகு, வால், பக்கவாட்டு என்று மூன்று படம் எடுங்கள்.

2. ஓட்டையை அடைக்காதீர்கள். இது பெரிய தவறு. வெளியே போக வழி இல்லாத தேனீ வீட்டுக்குள் வழி தேடும்.

3. அந்தப் பக்க ஜன்னலைச் சில வாரம் மூடி வையுங்கள், அல்லது வலை கட்டுங்கள். துணி காயப்போடும் கயிறு, குழந்தையின் ஊஞ்சல் அதற்கு நேர் கீழே இருந்தால் கொஞ்சம் தள்ளி மாற்றுங்கள்.

4. கூரையைத் தின்றுவிடுமோ, மரத்தைத் துளைத்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். பம்பிள்பீ மரம் துளைக்காது. இருக்கிற இடுக்கில்தான் உட்காரும்.

5. கூடு முடிந்தபின், இலையுதிர் காலத்தில் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். இடுக்கு வேண்டாம் என்றால் அப்போது அடையுங்கள்.

6. வீட்டில் யாருக்காவது தேனீக் கொட்டுக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தால், அல்லது கூடு தினமும் கை வைக்கும் கதவு நிலையிலேயே இருந்தால், அது வேறு விஷயம். உயிர்தான் முதலில். அப்போதும் மருந்து அடிப்பவரைக் கூப்பிடும் முன் அந்த ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்தைக் கேளுங்கள். பறவைப் பெட்டியில் இருக்கும் கூட்டை இருட்டியபின் பாதுகாப்பு உடையோடு வந்து இடம் மாற்றித் தரும் ஆட்கள் அவர்களில் உண்டு. நீங்களாகச் செய்யாதீர்கள். கொட்டியபின் மூச்சுத் திணறினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ யோசிக்காமல் 999, மற்ற ஐரோப்பிய நாடுகளில் 112.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் இருப்பவர்கள் கவனியுங்கள், அங்கே எல்லாக் காட்டுத் தேனீக்களும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, பம்பிள்பீயும் அதில் சேரும். இஷ்டத்துக்குக் கூட்டை அழிக்க முடியாது. பிரிட்டனில் இந்த இனத்துக்கு அப்படித் தனிப் பாதுகாப்பு இல்லை. அதனால் அங்கே முடிவு முழுக்க உங்கள் மனசாட்சியிடம்.

"ஒரு கூடு போனால் என்ன?"

போன வருஷம் ஒரு தம்பி இப்படித்தான் கேட்டான். நல்ல கேள்வி. ட்ரீ பம்பிள்பீ இன்று அரிய இனம் இல்லை, நன்றாகவே பெருகியிருக்கிறது. ஒரு கூட்டால் இனம் அழியாது.

ஆனால் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷார்ட் ஹேர்டு பம்பிள்பீ என்று ஒரு இனம் தென் இங்கிலாந்தில் சாதாரணமாக இருந்தது. 1988-க்குப் பிறகு அதைப் பார்த்தவர் இல்லை. 2000-ல் பிரிட்டனில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பிறகு 2012-ல் ஸ்வீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 1930-களிலிருந்து அந்த நாட்டின் பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது என்கிறார்கள். வயல்வெளியில் பூ போனபின் பல தேனீக்களுக்கு மிஞ்சியது வீட்டுத் தோட்டங்கள்தான். அந்த வீடுகளில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இதில் நமக்கும் ஒரு சுயநலம் உண்டு. தக்காளி, கத்தரிப் பூவில் மகரந்தம் உப்புக்குப்பி மாதிரி மூடிய பைக்குள் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால்தான் நன்றாகக் கொட்டும். பம்பிள்பீக்கு அந்த வித்தை தெரியும், தேனீக்குத் தெரியாது. ஐரோப்பாவின் கண்ணாடிக் கூடங்களில் முன்பு ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூப்பூவாகப் போவார்கள். 1980-களின் கடைசியிலிருந்து பஃப் டெய்ல்டு பம்பிள்பீயைப் பெட்டியில் வளர்த்து உள்ளே விடுகிறார்கள். நீங்கள் அங்கே வைக்கும் ரசத்தில் கரையும் தக்காளிக்குப் பின்னால் ஒரு பம்பிள்பீ இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. உங்கள் கூரையில் இருப்பவர் தோட்டத்து ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரிப் பூக்களைக் கவனித்துக்கொள்கிறார்.

இனிமேல் ஒரு வேலை தருகிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2006-ல் தொடங்கிய பம்பிள்பீ கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. பீவாக் என்ற கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, கண்ட பம்பிள்பீக்களை இனம் பிரித்து எண்ணி எழுத வேண்டும். பட்டப்படிப்பு வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2001-ல் ஒரு பூச்சியைப் பார்த்த ஒருவர் "ஏதோ வண்டு" என்று நகர்ந்திருந்தால், அது வந்த வருஷமே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இந்த ஜூனில் உங்கள் கூரையில் ஆட்டம் தொடங்கினால் எனக்கு வீடியோ அனுப்புங்கள், மகிழ்ச்சி. ஆனால் "கூப்பிடலாமா?" என்று கேட்காமல், "ஆண் எத்தனை, பெண் எத்தனை, வால் என்ன நிறம்" என்று எழுதி அனுப்புங்கள். சரியாக எழுதியவர்களுக்கு கமெண்டில் பச்சை மையில் டிக் உண்டு. வயசு நாற்பத்தைந்து ஆனாலும் உண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்